பார் அசோசியேஷன் லஞ்ச் கூட்டத்துக்கு யாரைப் பேச அழைப்பது?

கேள்வி: "அமெரிக்காவில் எங்கள் கவுன்டி (மாவட்ட) பார் அசோசியேஷனில், அதாவது வக்கீல்கள் சங்கத்தில், மாதம் ஒரு லஞ்ச் கூட்டம் நடக்கும். இந்த வருடம் பேச்சாளர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உறுப்பினராகி மூன்று வருடம்தான் ஆகிறது, பெரிய ஆட்கள் யாரையும் எனக்குத் தெரியாது. யாரை அழைப்பது, எப்படி அழைப்பது?"

பெரிய ஆட்களைத் தெரியாது என்று கவலைப்படாதீர்கள். இந்த வேலைக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. வேறொரு கவுன்டியில் இதே பொறுப்பை ஐந்து வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் உறுப்பினர்கள் இன்றும் நினைவு வைத்துப் பேசும் கூட்டங்களில் பாதிக்கு மேல், வெளியூரில் யாருக்கும் பெயர் தெரியாதவர்கள் பேசியவை.

முதலில் அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தனியாக ஆபீஸ் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும். விவாகரத்து, உயில், சின்னச் சின்ன சிவில் வழக்குகள் பார்ப்பவர்கள். இரண்டு மேஜை தள்ளி அரசு வழக்கறிஞர் அலுவலகத்து ஆட்கள், அவர்களுக்குப் பக்கத்திலேயே, வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்கள். சுவரோரமாக இரண்டு மூன்று நீதிபதிகள். சட்ட உதவி மையத்திலிருந்து ஒருவர். எல்லோருக்கும் ஒன்றரை மணிக்குக் கோர்ட் இருக்கிறது. ஒரு மணி நேர வருமானத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எதற்காக? ஒன்று, ஒருவரையொருவர் பார்க்க. எதிர்த்தரப்பு வக்கீலோடு ஒரே மேஜையில் சாப்பிட்டால் அடுத்த வாரம் ஒரு வாய்தாவுக்கு போனிலேயே சம்மதம் கிடைத்துவிடும். இன்னொன்று, சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத விஷயம் ஏதாவது காதில் விழுமா என்று. சட்டத்தை அவர்கள் வீட்டிலேயே படித்துக்கொள்வார்கள். இந்தக் கோர்ட்டில், இந்த மேஜையில், இந்த அதிகாரியிடம் வேலை எப்படி நடக்கிறது என்பதை வீட்டில் படிக்க முடியாது.

அதனால் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். இந்த மாதம் நம் ஊர் வக்கீல்கள் வராந்தாவில் ஒருவரையொருவர் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். "மின்தாக்கல் ஏன் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது?" "புது நீதிபதி ஜூம் விசாரணைக்கு ஒத்துக்கொள்வாரா?" "பிரேதப் பரிசோதனை அறிக்கை வர ஏன் இவ்வளவு நாள்?" ஒவ்வொரு கேள்விக்கும் பதில் யாருடைய மேஜையில் இருக்கிறது என்று அடுத்ததாக யோசியுங்கள். உங்கள் பேச்சாளர் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர்தான்.

ஒரு உதாரணம். நான் பொறுப்பேற்ற முதல் வருடம், ஒரு மாதம் ஓர் அரசியல் பிரமுகரை அழைத்தேன். நல்ல மனிதர், கூட்டமும் நிறைந்திருந்தது. அவர் நாற்பத்தைந்து நிமிடம் எழுதி வைத்த உரையைப் படித்தார். எந்த ஊரில் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய உரை. ஒன்று பத்துக்கு நீதிபதிகள் எழுந்து போனார்கள், அவர்கள் பின்னாலேயே பாதி அறை போனது. அவரைக் குறை சொல்ல முடியாது. "வந்து பேசுங்கள்" என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். எதைப் பற்றி, யாருக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதம், மனுக்களை வாங்கிப் பதிவு செய்யும் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் சிவில் தாக்கல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை அழைத்தேன். "நான் வக்கீல் இல்லையே, நான் என்ன பேசுவது?" என்று மூன்று தடவை கேட்டார். கடைசியில் பன்னிரண்டு காகிதங்களோடு வந்தார். அந்த வருடம் அவர் அலுவலகம் திருப்பி அனுப்பிய பன்னிரண்டு மனுக்களின் முதல் பக்கங்கள். பெயர்களையும் வழக்கு எண்களையும் கறுப்பு மையால் மறைத்து, பெரிதாக நகல் எடுத்து வந்திருந்தார். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "இதில் என்ன தவறு?" என்று மட்டும் கேட்டார். ஒன்றில் உத்தரவின் வரைவைத் தனிக் கோப்பாகத் தராமல் மனுவோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். ஒன்றில் கையெழுத்து இடம் காலி. இன்னொன்றில் குழந்தையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் மறைக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஆறாவது காகிதம் வந்தபோது பின் மேஜையில் ஒரு மூத்த வக்கீல் கையைத் தூக்கி, "அது என்னுடையது" என்றார். அறையே சிரித்தது. அதற்கப்புறம் எல்லோர் கையிலும் பேனா. இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகும் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

அப்படியானால் பெரிய உரைகளுக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்க மேடைகளில் பேசப்பட்டவற்றில் சில, சட்டத்தின் போக்கையே மாற்றியிருக்கின்றன. 1906 ஆகஸ்டில் செயின்ட் பால் நகரில், அமெரிக்கன் பார் அசோசியேஷனின் ஆண்டுக் கூட்டத்தில் ராஸ்கோ பவுண்ட் பேசினார். நீதி நிர்வாகத்தின் மீது மக்களுக்கு ஏன் அதிருப்தி என்பதுதான் தலைப்பு. அப்போது அவருக்கு வயது 35, நெப்ராஸ்காவில் சட்டக் கல்லூரி டீன், நாடறிந்த ஆள் இல்லை. கோர்ட் நடைமுறை பழசாகிவிட்டது, வழக்கை ஒரு விளையாட்டுப் போட்டி மாதிரி நடத்துகிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மூத்தவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. 1938இல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் (மத்திய) சிவில் நடைமுறை விதிகள் வரை நீண்ட சீர்திருத்தப் பாதையின் தொடக்கமாக அந்த உரையைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

இன்னொன்று 1976 மே மாதம். நியூ ஜெர்சி மாநில வழக்கறிஞர் சங்கத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பிரென்னன் பேசினார். மாநிலங்களுக்குத் தனித்தனியாக உள்ள அரசியலமைப்புகளைக் கொண்டே குடிமக்களுக்குக் கூடுதல் உரிமைப் பாதுகாப்பு பெறலாம் என்பது அவர் சொன்ன விஷயம். அந்த உரை 1977 தொடக்கத்தில் ஹார்வர்ட் சட்ட இதழில் கட்டுரையாக வந்து, இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. பிரென்னன் பெரிய பெயர்தான். ஆனால் அவர் அங்கே சொன்னது மாநில நீதிமன்றங்களில் வாதாடும் வக்கீல்கள் திரும்பிப் போய்த் தங்கள் மனுவில் எழுதக்கூடிய விஷயம். கேட்பவர்களின் வேலையைத் தொட்டுப் பேசினார். பெரிய பெயரை அழைக்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், இதை மனதில் வைத்து ஒரு கேள்வியைக் கொடுத்து அழையுங்கள்.

அந்தக் கேள்வி எப்படிப் பிறக்கும்? ஒரு போன் அழைப்பில். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பேச்சாளரிடம் பதினைந்து நிமிடம் பேசுங்கள். மின்னஞ்சல் போதாது. நான் எப்போதும் மூன்று விஷயம் கேட்பேன். உங்கள் மேஜைக்கு வரும் வக்கீல்கள் அடிக்கடி செய்யும் தவறு எது? இந்த வருடம் உங்கள் அலுவலகத்தில் என்ன மாறியிருக்கிறது? யாரும் உங்களிடம் கேட்பதில்லையே என்று நீங்கள் நினைக்கும் கேள்வி எது? மூன்றாவதுக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் தலைப்பு இருக்கும். போனை வைக்கும் முன் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்: இருபது நிமிடப் பேச்சு, பத்து நிமிடக் கேள்விகள், ஒன்று ஐந்துக்கு முடிக்கிறோம்.

நீதிபதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் மிகவும் விரும்புவது அவர்களைத்தான், நீங்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் அங்கேதான். புதிதாகப் பதவியேற்ற நீதிபதி ஒருவர் தன் கோர்ட்டில் எதை எப்படி எதிர்பார்க்கிறார் என்று இருபது நிமிடம் சொன்னால், அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது பல மாத அனுபவத்துக்குச் சமம். மனுவின் நகல் காகிதமாக வேண்டுமா? அவசர மனுவுக்கு முன் எதிர்த்தரப்போடு பேசியிருக்க வேண்டுமா? வாய்தா கேட்டால் என்ன காரணம் எடுபடும்? இவை எல்லாம் அவர் தாராளமாகப் பேசக்கூடியவை.

பேசக் கூடாதது நிலுவையில் இருக்கும் வழக்கு. அமெரிக்கன் பார் அசோசியேஷனின் மாதிரி நீதிபதி நடத்தை விதிகளில் 2.10 இதைச் சொல்கிறது: எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் உள்ள, அல்லது வரவிருக்கும் வழக்கின் முடிவைப் பாதிக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கருத்தை நீதிபதி பொதுவில் சொல்லக் கூடாது. தன் கோர்ட் வழக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், எந்தக் கோர்ட்டும்தான். மாநிலங்கள் இந்த மாதிரியைச் சின்ன மாற்றங்களோடு ஏற்றிருக்கின்றன, உங்கள் மாநிலத்து வாசகத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். கேள்வி நேரத்தில் யாராவது தன் வழக்கை மறைமுகமாக நுழைத்தால் நீதிபதியே மறுக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். "அந்தக் கேள்வி வேண்டாம், அடுத்தவர் கேளுங்கள்" என்று நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும். விருந்தாளியை அந்தச் சங்கடத்தில் நிற்க வைப்பது நம் தவறு.

இன்னொரு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். லஞ்ச் கூட்டத்தையே நிதி திரட்டும் நிகழ்ச்சியாக்கி, சட்ட உதவி மையத்துக்குப் பணம் சேர்ப்பது உண்டு. மாதிரி விதிகளின்படி, நிகழ்ச்சி சட்டத்தையோ நீதி நிர்வாகத்தையோ பற்றியதாக இருந்தால், நிதி திரட்டும் நோக்கம் இருந்தாலும் நீதிபதி அங்கே பேசலாம். ஃபெடரல் நீதிபதிகளுக்கு உள்ள நடத்தைக் கோவை இன்னும் கண்டிப்பானது. சட்டம் சார்ந்த அமைப்பு நடத்தும் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு அவர்கள் வரலாம், ஆனால் பேச்சாளராகவோ சிறப்பு விருந்தினராகவோ இருக்கக் கூடாது. அதனால் ஃபெடரல் நீதிபதி பேசும் மாதத்தில் உண்டியலைத் தள்ளி வையுங்கள். அழைப்பிதழில் "நன்கொடை" என்ற வார்த்தையே வேண்டாம். பரிசு கொடுக்கும் ஆசை இருந்தால் அவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு நன்றிக் கடிதம் எல்லா விதிகளுக்கும் உட்பட்டது.

அரசு வழக்கறிஞரை அழைத்தாலும் இதே கவனம் தேவை. நடக்கும் வழக்கைப் பற்றி ஜூரியைப் பாதிக்கும் விதமாக வெளியே பேசுவதைத் தொழில் விதிகள் தடுக்கின்றன. அலுவலகக் கொள்கை, வழக்குக்கும் தண்டனைக்கும் பதிலான மாற்று வழித் திட்டங்கள், ஆவணங்களை எப்போது எப்படித் தருகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அடுத்த மாதமே பப்ளிக் டிஃபெண்டரைப் போடுங்கள். மார்ச் மாதம் அதற்குப் பொருத்தம். வசதியில்லாத குற்றவழக்குப் பிரதிவாதிக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்ற கிடியன் தீர்ப்பு 1963 மார்ச் 18 அன்று வந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்திருந்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர், பக்கத்து நகரத்திலிருந்து வந்தார். அவர் முன்கூட்டியே கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்குத் தமிழ் தெரியுமே, நீங்கள் சாட்சியாக உட்காருங்கள்." சரி என்று அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அனுபவமுள்ள ஒரு வக்கீல் எழுந்து நின்று, குறுக்கு விசாரணையில் வழக்கமாகக் கேட்கும் தோரணையில் ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னார்: "நீங்கள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, அப்படித்தானே?"

நான் யோசிக்கவே இல்லை. "ஆமாம்" என்றேன்.

அவர் அறையைப் பார்த்து, ஆங்கிலத்தில் "யெஸ்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கேட்டார்: "இவர் கையெழுத்துப் போட்டாரா, இல்லையா? போட்டார் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்." பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். அதில் ஒரு நீதிபதியும் இருந்தார்.

தமிழில் "ஆமாம்" என்றால் நீங்கள் சொன்னது சரி, நான் போடவில்லை என்று அர்த்தம். நமக்கு அதில் சந்தேகமே வராது. ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு வெறும் "யெஸ்" வந்தால், கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டார் என்று ஜூரியில் பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் அனுமதி கேட்டுத் தெளிவுபடுத்துவார். ஆனால் கேள்வியையே "கையெழுத்துப் போட்டீர்களா?" என்று நேராகக் கேட்டிருந்தால் அந்தச் சிக்கலே இல்லை. அவர் அடுத்து "அங்கிள்" என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டார். பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா, அத்தையின் கணவரா, இல்லை பக்கத்து வீட்டுக்காரரா? உயில் வழக்கில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொன்னபோது, உயில் வழக்குகள் பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர் சொன்ன தகவல்களும் பயனுள்ளவை. ஃபெடரல் கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிய சட்டம் 1978இல் வந்தது. ஆனால் ஃபெடரல் சான்றிதழ்த் தேர்வு இப்போது ஸ்பானிய மொழிக்கு மட்டும்தான் நடக்கிறது. தமிழ் மாதிரி மொழிகளுக்கு வேறு தகுதிகளைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் விசாரணைத் தேதி குறித்த அன்றே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். சாட்சியைப் பார்த்துக் கேளுங்கள், "அவரிடம் கேளுங்கள்" என்று என்னைப் பார்த்துச் சொல்லாதீர்கள் என்றார். நீண்ட விசாரணைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவரே மணிக்கணக்காகச் செய்தால் பிழை கூடும் என்றார். ஒரு வாரம் கழித்து ஒரு நீதிபதியின் அலுவலகத்திலிருந்து அவருடைய தொடர்பு எண் கேட்டுப் போன் வந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் என்றைக்காவது அந்தக் கோர்ட்டில் சாட்சி சொல்ல நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் அல்லாத மற்றவர்களும் நிறைய இருக்கிறார்கள்: பிரேதப் பரிசோதனை செய்யும் மெடிக்கல் எக்ஸாமினர், கணக்கு மோசடிகளைத் தோண்டும் அக்கவுன்டன்ட், நிலப் பதிவு அலுவலர், கோர்ட்டில் பேசுவதை வார்த்தை விடாமல் பதிவு செய்யும் கோர்ட் ரிப்போர்ட்டர். இவர்கள் எல்லோரிடமும் அதே மூன்று கேள்விகள் வேலை செய்யும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்று உங்கள் கமிட்டி நிச்சயம் கேட்கும். கேட்பது நியாயம். 2023 ஜூனில் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமெரிக்கன் பார் அசோசியேஷன் இந்தக் கருவிகளைப் பற்றித் தன் முதல் முறையான ஒழுக்கநெறிக் கருத்தை, 512 என்ற எண்ணில், வெளியிட்டது. பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. ஆனால் வந்து பேசத் தயாராக இருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு மென்பொருளை விற்பவர்கள். விற்பவர் ஸ்பான்ஸராக இருக்கட்டும், இரண்டு நிமிடம் எழுந்து வணக்கம் சொல்லட்டும், வாசலில் மேஜை போடட்டும். மைக் முன்னால் முப்பது நிமிடம் கொடுக்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். ஒருமுறை விட்டால் உறுப்பினர்கள் அடுத்த மாதம் வருவதற்கு யோசிப்பார்கள். அதற்குப் பதிலாக உங்கள் கோர்ட்டின் நீதிபதி ஒருவரையோ, புகார்களை விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் வக்கீலையோ அழையுங்கள். "உங்கள் மேஜைக்கு இதுவரை என்ன மாதிரி வந்திருக்கிறது?" என்று கேளுங்கள்.

ஒரு தலைப்பை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் வையுங்கள்: வக்கீல்களின் மனநலமும் குடிப்பழக்கமும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறக்குறைய 13,000 வக்கீல்களைக் கேட்டு எடுக்கப்பட்டது. ஐந்தில் ஒருவருக்குச் சிக்கலான குடிப்பழக்கம், 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். ஒவ்வொரு மாநிலத்திலும் வக்கீல்களுக்கான உதவித் திட்டம் இருக்கிறது. அங்கே போய் மீண்ட ஒரு வக்கீல், தானே முன்வந்தால், பேசட்டும். அந்தக் கூட்டத்தில் கேள்வி நேரம் வைக்காதீர்கள். அந்த அறையில் யாரும் கையைத் தூக்கிக் கேட்க மாட்டார்கள், தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உதவி எண் அச்சிட்ட சின்ன அட்டையை எல்லா மேஜையிலும், எல்லாத் தட்டுக்குப் பக்கத்திலும் வைத்துவிடுங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தால்தான் ஒருவர் எடுத்துப் பையில் வைப்பது வெளியே தெரியாது. நாங்கள் அப்படி வைத்தபோது கூட்டம் முடிந்து மேஜைகளைச் சுற்றி வந்தேன். நிறைய அட்டைகள் அங்கே இல்லை.

சிஎல்இ (தொடர் சட்டக் கல்வி) பற்றிக் கேட்பீர்கள். கட்டாயத் தொடர் சட்டக் கல்வி 1975இல் மினசோட்டாவிலும் அயோவாவிலும் தொடங்கிப் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. கலிஃபோர்னியாவில் மூன்று வருடத்துக்கு 25 மணி நேரம், டெக்சஸில் வருடத்துக்கு 15. மாசசூசெட்ஸ், மேரிலாந்து மாதிரிச் சில மாநிலங்களில் கட்டாயம் இல்லை. உங்கள் மாநிலத்தில் கட்டாயம் என்றால், கூட்டம் அந்த மணிக்கணக்கில் சேரும், அதாவது கிரெடிட் உண்டு என்று அழைப்பில் போட்டவுடன் கூட்டம் கூடும். ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். நியூயார்க்கில் ஒரு கிரெடிட்டுக்கு 50 நிமிடப் பாடம் வேண்டும், அறிமுகமும் இடைவேளையும் அதில் சேராது. ஒரு மணி நேர லஞ்சில் சாப்பாடு, அறிவிப்பு, அறிமுகம் எல்லாம் போனால் 50 நிமிடம் எங்கிருந்து வரும்? கிரெடிட் தரும் மாதங்களில் சாப்பாட்டைப் பதினொன்றே முக்காலுக்குத் திறந்து, பன்னிரண்டு ஐந்துக்குப் பேச்சைத் தொடங்குங்கள். மாநில அமைப்பின் அனுமதி கைக்கு வரும் முன் கிரெடிட் என்று அறிவிக்காதீர்கள். பேச்சாளர் வக்கீலாக இருந்தால் பல மாநிலங்களில் அவருக்கும் தயாரிப்புக்காகக் கூடுதல் கிரெடிட் கிடைக்கும். அழைக்கும்போதே அதைச் சொல்லுங்கள், தயங்குபவர்கள் சம்மதித்துவிடுவார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எல்லா மாதமும் கிரெடிட் என்று ஆக்காதீர்கள். அந்தக் கிளார்க் அம்மாவின் இருபத்திரண்டு நிமிடம் எந்தக் கணக்கிலும் அடங்கியிருக்காது.

வருட அட்டவணை போடும்போது சில மாதங்கள் தானே அமைந்துவிடும். மே 1 சட்ட தினம். 1958இல் ஐசனோவர் அறிவித்தது, 1961இல் காங்கிரஸ் சட்டமாக்கியது. அன்றைய கூட்டத்துக்கு அரசியலமைப்பு பாடம் எடுக்கும் பள்ளி ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் கூப்பிடுங்கள். உச்ச நீதிமன்றப் பருவம் ஜூன் கடைசியில் அல்லது ஜூலை தொடக்கத்தில் முடியும் என்பதால், அதற்கடுத்த கூட்டம் அந்த வருடத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சொல்லும் பேராசிரியருக்கு. அக்டோபர் கடைசி வாரம் இலவச சட்ட சேவைக்கான வாரம், சட்ட உதவி மையத்துக்கு விடுங்கள். நீதிபதி தேர்தல் நடக்கும் மாநிலமானால், தேர்தல் வருடத்து இலையுதிர் காலத்தில் ஒரு வேட்பாளரை மட்டும் அழைக்கவே கூடாது. எல்லோரையும் ஒரே கடிதத்தில், ஒரே நாளுக்கு, ஒரே நேர அளவோடு அழையுங்கள். வராதவர் வராதது அவர் முடிவு.

கூட்டத்து நாளில் கவனிக்க வேண்டியவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் பேச்சைக் கெடுப்பவையும் இவைதான். பேச்சாளருக்கு வண்டி நிறுத்த இடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்குச் சாப்பாட்டை முதலில் கொடுங்கள், இல்லையென்றால் பசியோடு பேசிவிட்டுப் பசியோடு திரும்புவார். பேச்சு தொடங்கும் முன் தட்டுகளை எடுத்துவிட வேண்டும் என்று பரிமாறுபவர்களின் மேலாளரிடம் பேசுங்கள். தட்டும் கரண்டியும் மோதும் சத்தம் மைக்கைவிடப் பெரிது. விளக்கை அணைத்து ஸ்லைடு போடுவது வேண்டவே வேண்டாம், சாப்பிட்ட பிறகு இருட்டு என்றால் தூக்கம்தான் வரும். கையில் பிடித்துக் காட்டக்கூடிய காகிதம் நல்லது.

அறிமுகம் ஒரு நிமிடம். எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது யாருக்கும் தேவையில்லை. "நாம் தாக்கல் செய்யும் ஒவ்வொரு சிவில் மனுவும் இவர் பிரிவைத் தாண்டித்தான் போகிறது" என்று சொன்னால் போதும், அறை அமைதியாகிவிடும். கேள்வி நேரத்தில் முதல் கேள்விக்கு ஒரு ஆளைத் தயார் செய்து வையுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் தயங்குவார்கள், இரண்டாவதிலிருந்து தானாக வரும்.

வரச் சம்மதித்தவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போவது இந்தத் தொழிலில் சகஜம். விசாரணை நீளும், ஜூரி முடிவோடு வந்துவிடும். அதற்கு உங்கள் உறுப்பினர்களிலேயே இரண்டு பேரிடம், எப்போது கூப்பிட்டாலும் பேசத் தயாராக இருபது நிமிட விஷயம் ஒன்றை வைத்திருக்கச் சொல்லுங்கள். கட்சிக்காரர் பணத்தை வக்கீல் வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கில் ஏற்படும் தவறுகள் என்ற தலைப்பு எங்களை இரண்டு தடவை காப்பாற்றியது.

பேச்சாளர் போன மறுநாளே கையால் நாலு வரி எழுதி அனுப்புங்கள். அவர் சொன்னதில் எந்த விஷயத்தை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று அதில் இருக்கட்டும். கிளார்க் அம்மாவுக்கு எழுதியபோது, கையைத் தூக்கிய அந்த மூத்த வக்கீலைப் பற்றி எழுதினேன். அதற்கப்புறம் மூன்று வருடம் அவர் தானே போன் செய்து, "இந்த வருடம் புதுசாகப் பன்னிரண்டு சேர்ந்திருக்கிறது, எப்போது வரட்டும்?" என்று கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் வாசலில் ஒரு சின்ன நோட்டோடு நில்லுங்கள். கோட்டை மாட்டிக்கொண்டே ஒருவரையொருவர் ஏதோ கேட்டுக்கொண்டு போவார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும்.